எட்டு வயதுப் பையனை 5 கி.மீ. ஓடவைக்கலாமா?

திண்டுக்கல் வாசகர் ஒருவர் கேட்டது, ஜனவரி 6:

பையனுக்கு எட்டு வயசு, மூணாவது படிக்கிறான். செல்போனைப் பிடுங்கினால் டிவி, டிவியை அணைத்தால் செல்போன். ஓட்டமாவது பழகட்டும் என்று பிப்ரவரி கடைசியில் நடக்கும் 5 கி.மீ. ஓட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். தினமும் காலை ஐந்தரைக்கு எழுப்பிக் கூட்டிப்போகிறேன். இருநூறு மீட்டர் வேகமாக ஓடுகிறான், அப்புறம் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். ஸ்டாமினா ஏற என்ன கொடுக்கலாம்?

ஜனவரி 6, இரவு

எதுவும் கொடுக்க வேண்டாம் சார். பையன் நன்றாகத்தான் இருக்கிறான். இருநூறு மீட்டர் பறப்பான், உட்காருவான், ரெண்டு நிமிஷத்தில் எழுந்து நாய்க்குட்டி பின்னால் மறுபடி பறப்பான். எட்டு வயது உடம்பு அப்படித்தான் ஓடும். ஒரே சீராக அரை மணி நேரம் ஓடுவது நம்மைப் போல நாற்பதைத் தாண்டி, சர்க்கரைக்குப் பயந்தவர்கள் செய்கிற வேலை.

நம் பள்ளிக்கூடப் போட்டிகளையே பாருங்கள். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று போகிற தடகளத்தில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 100, 200, 400, 600 மீட்டர் ஓட்டம்தான். பதிமூன்று வயதுப் பிள்ளைக்கே 600-ஓடு நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் பையனுக்கு 5,000 மீட்டர். நான் கணக்கு டீச்சர், சும்மா இருக்க முடியாமல் வகுத்துப் பார்த்தேன்: எட்டு மடங்குக்கும் மேல்.

கட்டிய பணம் போனால் போகட்டும். இல்லையென்றால் நீங்கள் ஓடுங்கள், அவன் முடிவுக் கோட்டில் நின்று கத்தட்டும். அப்பா மூச்சு வாங்குவதைப் பார்ப்பது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஜனவரி 7

பால் குடித்துவிட்டுத்தான் வருகிறான் என்று இப்போது சொல்கிறீர்கள். ஒரு டம்ளர் பால், அதில் ரெண்டு ஸ்பூன் விளம்பர மாவு, கூடவே சர்க்கரை, பத்து நிமிஷத்தில் ஓட்டம். விலாவில் குத்தாமல் என்ன செய்யும்?

இந்தக் குத்தல் ஏன் வருகிறது என்பதில் மருத்துவர்களே இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஆனால் வயிறு நிறைந்திருக்கும்போதும், இனிப்பாக எதையாவது குடித்த கையோடும், எடுத்த எடுப்பில் வேகமாக ஓடும்போதும் அதிகம் வரும். வந்தால் நடக்கச் சொல்லுங்கள். வாயைக் குவித்து மூச்சை மெதுவாக ஊதி வெளியே விடட்டும். குத்தும் இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு கொஞ்சம் முன்னால் குனிந்தால் சீக்கிரம் விட்டுவிடும். சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே ரெண்டு மணி நேரம் இருக்கட்டும். பசித்தால் அரை வாழைப்பழம் போதும்.

அப்புறம் அந்த ஐந்தரை மணி. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ராத்திரி 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ஐந்தரைக்கு எழ வேண்டுமென்றால் எட்டரைக்குத் தூங்கியிருக்க வேண்டும். எட்டரை மணிக்கு ஹாலில் சீரியல் ஓடுகிற வீட்டில் அது நடக்கிற காரியமா? சாயங்காலத்துக்கு மாற்றுங்கள்.

ஜனவரி 10

“ஓடு ஓடு என்றால் ஓட மாட்டேன் என்கிறான், வேறு எப்படித்தான் ஆரம்பிப்பது” என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குத்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

எங்கள் காலனிக்குப் பின்னால் ஒரு பொட்டல். பாதி கருவேலம், பாதி கிரிக்கெட். அங்கே சாயங்காலம் என் பெண்ணும் (ஆறாவது) பையனும் (ரெண்டாவது) இன்னும் பத்துப் பன்னிரண்டு வாண்டுகளும் சேர்கிறார்கள். நானும் ஒரு விசிலோடு போய் நிற்பேன். “இன்னைக்கு ஓடப் போறோம்” என்று நான் சொல்வதே கிடையாது.

அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது விசில் ஆட்டம். எல்லாரும் ஒரு கோட்டிலிருந்து கிளம்பி அவரவர் இஷ்டத்துக்கு ஓட வேண்டும். நான் எப்போது விசில் அடிக்கிறேனோ அப்போது திரும்பி, கிளம்பிய கோட்டுக்கே வர வேண்டும். வேகமாகப் போனவன் ரொம்பத் தூரம் போயிருப்பான், அவன் திரும்ப வேண்டிய தூரமும் அதிகம். மெதுவாகப் போன குண்டுப் பையன் பக்கத்திலேயே இருப்பான். கடைசியில் எல்லாரும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து கோட்டில் விழுவார்கள். அந்தக் குண்டுப் பையன் வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டத்தில் ஜெயித்த அன்று அவன் அம்மா எங்கள் வீட்டுக்குக் கேசரி கொடுத்தனுப்பினார்.

அடுத்தது நேரம் சொல்கிற ஆட்டம். பொட்டலை ஒரு சுற்றுச் சுற்றிவர எவ்வளவு நேரம் ஆகும் என்று ஓடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். யார் கையிலும் வாட்ச் இருக்கக் கூடாது. சொன்ன நேரத்துக்கு யார் நெருக்கமாக வருகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். வேகத்துக்கு இதில் மரியாதையே இல்லை. என் பெண் இதில் ராணி, அவள் தம்பி இதில் எப்போதும் அழுவான்.

இதெல்லாம் போக பழைய சரக்கு இருக்கவே இருக்கிறது. கல்லா மண்ணா அரை மணி நேரம் விளையாடினால் ஒரு பிள்ளை எத்தனை தடவை பாய்ந்து, நின்று, திரும்பி ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். எந்த ஸ்டாப் வாட்ச் பயிற்சியும் அதற்குப் பக்கத்தில் வராது. கொலை கொலையா முந்திரிக்காவில் வட்டத்தைச் சுற்றித் துரத்துவது, கோ-கோ, கொடுத்துவிட்டு ஓடுகிற தொடர் ஓட்டம், எல்லாமே ஓட்டம்தான்.

ஒருநாள் பொட்டலின் அந்தக் கோடியில் கணக்குச் சீட்டுகளை வைத்து, ஓடிப்போய் எடுத்து விடை சொல்லிவிட்டுத் திரும்பணும் என்றேன். “ஆன்ட்டி, ஓட வந்த எடத்துலயுமா” என்று ஒருத்தன் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டான்.

ஜனவரி 12

உடற்பயிற்சி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் கேட்கிறார்: நேரம் சொல்கிற ஆட்டத்தில் பிள்ளைகள் பெரிய நேரமாகச் சொல்லிவிட்டு நடந்தே வந்துவிட மாட்டார்களா?

வருவார்கள். வரட்டும். பாதித் தூரம் நடந்து, ஐயோ நேரம் ஆகிவிட்டதே என்று கடைசியில் ஓடி, “ச்சே” என்று மண்ணை உதைத்து, மறுநாள் வேறு மாதிரி ஓடிப் பார்ப்பார்கள். எடுத்ததும் வேகம், அப்புறம் விலா என்கிற வியாதிக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்க்கவில்லை. “மெதுவாக ஆரம்பி” என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறாதது இந்த ஆட்டத்தில் தானாக ஏறுகிறது. ஆனால் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் நடக்கக் கூடாது என்று ஒரு விதி சேர்த்துக்கொள்ளலாம். ஏழு வயதுக்குக் கீழே எந்த விதியும் செல்லாது.

ஜனவரி 17

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தெருவில் வழக்கம்போல ஓட்டப்பந்தயம், சாக்கு ஓட்டம், எலுமிச்சை ஸ்பூன், ஸ்லோ சைக்கிள். பரிசு சோப்பு டப்பாவும் எவர்சில்வர் கிண்ணமும். மைக்கில் ஒரு அண்ணன் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுப் பெயரையும் சொல்லிச் சொல்லிக் கலாய்க்கிறார், பாட்டிகள் திண்ணையிலிருந்து கத்துகிறார்கள். தெருமுனையிலிருந்து பிள்ளையார் கோயில் வரை எண்பது மீட்டர் இருக்கும். ஆறு வயது முதல் அறுபது வயது வரை ஓடினார்கள். என் கணவரும் ஓடினார், இன்னும் தொடையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜனவரி 20

ஷூ வேண்டாம், வெறுங்கால்தான் நல்லது, அபேபே பிகிலாவே வெறுங்காலில்தான் ஒலிம்பிக் மாரத்தான் ஜெயித்தார் என்று ஈரோட்டுக்காரர் எழுதியிருக்கிறார். உண்மைதான், 1960, ரோம். ஆனால் அவரே 1964-இல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடி மறுபடியும் தங்கம் வாங்கினார், முன்னைவிடக் குறைந்த நேரத்தில். அந்தப் பாதியை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

நல்ல மண் தரை, முள்ளும் கண்ணாடியும் இல்லை என்றால் வெறுங்காலில் ஓடி ஆடட்டும், பாதத்துக்கு நல்லதுதான். எங்கள் பொட்டலில் நெருஞ்சியும் உடைந்த பாட்டிலும் உண்டு, அதனால் ஷூ. திறந்தவெளிக் கழிப்பிடமாக இருக்கும் மண்ணில் வெறுங்காலோடு விட்டால் கொக்கிப்புழு பாதம் வழியாகவே உள்ளே போகும், அதையும் மறக்க வேண்டாம்.

விலை உயர்ந்த ஷூ தேவையே இல்லை. லேசாக, முன்பாதம் மடங்குகிற மாதிரி, விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். வளர்கிற பிள்ளைதானே என்று ரெண்டு சைஸ் பெரிதாக வாங்கிப் பஞ்சு வைக்கிற நம் ஊர்ப் பழக்கம் ஓட்டத்துக்கு உதவாது, தடுக்கி விழுவார்கள். பாதம் எப்போது வளரும் என்று சொல்லவே முடியாது, மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை விரலை வைத்துப் பாருங்கள். அக்காவின் பழைய ஷூ தம்பிக்குச் சரியாக இருந்தால் தாராளமாகப் போடலாம். இளஞ்சிவப்பு நிறம் பிரச்சினை என்றால் கறுப்பு மார்க்கர் இருக்கிறது.

ஜனவரி 26

பரமக்குடி அக்கா கேட்டது: பையனுக்கு இளைப்பு (ஆஸ்துமா) இருக்கிறது, மாமியார் ஓடவே விடக் கூடாது என்கிறார்.

முதலில் டாக்டர். இளைப்பு கட்டுக்குள் இருக்கிற பிள்ளை ஓடலாம், ஓடுவது நல்லதும்கூட. பஃப் (வாயால் உறிஞ்சுகிற இன்ஹேலர் மருந்து) எப்போது எடுக்க வேண்டும், ஓடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டுமா என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பையன் ஓடுகிற இடத்தில் பஃப் யாராவது பெரியவர் கையில் இருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் இருந்து பிரயோஜனம் இல்லை. மெதுவாகத் தொடங்கி உடம்பு சூடாகட்டும். குப்பை எரிக்கிற நேரம், பனி மூட்டம், தீபாவளிக்கு மறுநாள், சளி பிடித்திருக்கும் நாட்கள் வேண்டாம்.

மாமியாரிடம் பாலா ராட்க்ளிஃப் கதையைச் சொல்லுங்கள். இங்கிலாந்துக்காரர். 14 வயதில் அவருக்கு ஓடினால் வரும் ஆஸ்துமா இருப்பது தெரிந்தது. 2003-இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடி உலக சாதனை வைத்தார். அதை முறியடிக்க இன்னொருவருக்கு 2019 வரை ஆனது.

பிப்ரவரி 2

திண்டுக்கல் சாரின் மைத்துனர் நுழைந்திருக்கிறார். “சின்ன வயதிலேயே நீண்ட தூரம் பழக்கினால்தான் ஒலிம்பிக் போக முடியும். டீச்சர் பிள்ளைகளைச் சோம்பேறி ஆக்குகிறார்.”

புதியா சிங் என்ற பெயர் ஞாபகம் இருக்கிறதா? ஒடிசா. 2006 மே மாதம், நாலு வயதுக் குழந்தை, புரியிலிருந்து புவனேஸ்வர் நோக்கி 65 கிலோமீட்டர். ஏழு மணி நேரம், அதுவும் மே மாத ஒடிசாவில். கடைசியில் சரிந்து விழுந்ததை நாடே டிவியில் பார்த்தது. அப்புறம் குழந்தைகள் நலத் துறை தலையிட்டு நீண்ட ஓட்டங்களுக்குத் தடை போட்டது. அன்றைக்குக் கைதட்டியவர்கள் எல்லாரும் ஒலிம்பிக் என்றுதான் சொன்னார்கள். வளர்ந்த பிறகு எந்தப் பெரிய மாரத்தானிலும் அவர் பெயர் வரவில்லை. அந்தக் குழந்தை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, சுற்றி நின்ற பெரியவர்கள் மேல் இன்றைக்கும் கோபம் உண்டு.

நீண்ட தூரத்தில் கால் எலும்புகளின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு ஒரே மாதிரியான இடியை ஆயிரக்கணக்கில் வாங்குகிறது. அது இன்னும் இறுகாத குருத்தெலும்பு. பத்து வயதைத் தாண்டி வேகமாக உயரும் பிள்ளைகளில் சிலருக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும், அதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். குதிகாலின் பின்பக்கம் வலித்தால் செவர். ரெண்டுமே பயப்படும்படியானவை அல்ல. ஓட்டத்தையும் குதிப்பையும் குறைத்தால், வளர்ச்சி முடியும்போது தானாகப் போகும். “வலியைப் பார்க்காதே, ஓடு” என்று விரட்டினால்தான் இழுத்துக்கொண்டே போகும். ஒரு பக்கம் மட்டும் வலி, நொண்டுவது, வீக்கம், காய்ச்சல் என்று எதுவாவது இருந்தால் எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ராத்திரி ரெண்டு கெண்டைக்காலும் வலிக்குதும்மா என்று அழுது, காலையில் எழுந்து குதிக்கிற பிள்ளைக்குத் தேய்த்துவிட்டால் போதும்.

சோம்பேறி விஷயத்துக்கு: 5 முதல் 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்குகிற மாதிரி உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. நான் அதைக் குறைக்கச் சொல்லவே இல்லை. ஒரே மூச்சில் வேண்டாம், ஒரே ஆட்டமாக வேண்டாம் என்கிறேன். மைத்துனர் கடைசியாக எப்போது 60 நிமிடம் அசைந்தார் என்று கேட்க ஆசை. கேட்கவில்லை.

பிப்ரவரி 3

கேட்டுவிட்டேன். பதில் இல்லை.

பிப்ரவரி 11

பெண் பிள்ளைகள். இதை எழுதலாமா என்று நாலு நாளாக யோசித்தேன்.

எங்கள் பொட்டலில் பத்து வயது வரை பெண்களும் ஆண்களும் பாதிப் பாதி. பதினொன்றில் ஒருத்தி நிற்பாள், பன்னிரண்டில் இன்னும் ரெண்டு பேர். டியூஷன் என்பார்கள், ஹிந்தி கிளாஸ் என்பார்கள். ஒரு வீட்டில் மட்டும் உண்மையைச் சொன்னார்கள்: “பெரிய மனுஷி ஆயிட்டா, தெருவுல ஓடுனா நல்லாவா இருக்கும்.” என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அது அந்தத் திண்ணையில் எடுபடவில்லை. மறுவாரம் அந்தப் பெண்ணின் அம்மாவையே “துணைக்கு வாங்கக்கா, நானும் தனியாத்தான் நிக்கிறேன்” என்று கூப்பிட்டேன். வந்தார். இப்போது அம்மாவும் நடக்கிறார், பெண்ணும் ஓடுகிறாள். எல்லா வீட்டிலும் இது பலிக்கவில்லை.

ரேவதி வீரமணியை எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும், மதுரைக்குப் பக்கத்து சக்கிமங்கலம்தானே. அப்பா அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட, கூலி வேலை செய்த பாட்டி வளர்த்த பெண். ஆரம்பத்தில் வெறுங்காலில் ஓடியவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அந்த அணியின் நாலு பேரில் மூன்று பேர் தமிழர்கள்: ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். “பேத்தியை வெளியூர் அனுப்புறியே” என்று ஊரே கேட்டபோது அந்தப் பாட்டி அசையவில்லை. நம் வீடுகளுக்கு அப்படி ஒரு பாட்டி தேவைப்படுகிறார்.

மாதவிடாய் நாட்களில் ஓடலாமா என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: ஓடலாம். வலி அதிகமாக இருந்தால் வேண்டாம், அவளே முடிவு செய்யட்டும். பொருத்தமான உள்ளாடை வாங்கிக்கொடுப்பது ஷூ வாங்குவதைவிட முக்கியம், இதை அப்பாக்களும் படிக்கலாம். இன்னொன்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெண் திடீரென்று மூச்சு வாங்குகிறாள், படி ஏறினால் களைப்பு என்றால் திட்டுவதற்கு முன்னால் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக எறிகிற கோஷ்டியில் உங்கள் பெண்ணும் இருக்கிறாளா என்று விசாரியுங்கள். என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நானே பொறுக்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 16

ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன். போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் பையன்கள் ஏகப்பட்ட பேர். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று, அதாவது சுற்றுக்கு 1 நிமிடம் 52 வினாடி. இந்த முறை கணக்கைப் பிள்ளைகளே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். என் பையன் ஒரு அண்ணனோடு ஒட்டிக்கொண்டு நூறு மீட்டர் ஓடிவிட்டு வந்து “நானும் போலீஸ்” என்றான். மைதானத்தில் நடப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உள்தடத்தில் நாலு பேர் கைகோத்து அரசியல் பேசிக்கொண்டு நடக்காதீர்கள்.

மார்ச் 1

திண்டுக்கல் சார் 5 கி.மீ. ஓடி முடித்துவிட்டார். பையன் அதே விழாவில் சின்னவர்களுக்கு வைத்திருந்த ஒரு கிலோமீட்டரில் நடந்து, ஓடி, நடுவில் உட்கார்ந்து, பந்து பொறுக்கி, முடித்திருக்கிறான். எல்லாருக்கும் பதக்கம். “அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே தூங்கினான். ஆனால் அடுத்த நாளே ஓட வரமாட்டேன் என்கிறான், பதக்கம்தான் வாங்கியாச்சே என்கிறான்” என்று எழுதியிருக்கிறார்.

இதனால்தான் எனக்குப் பதக்கம், டி-ஷர்ட் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், வருஷத்துக்கு ஒன்று நல்லது. ஆனால் பிள்ளையைத் தினம் வெளியே இழுப்பது பக்கத்து வீட்டுப் பையன்தான். அந்தத் தெருவில் இன்னும் நாலு பிள்ளைகளைத் தேடுங்கள் சார். அவன் தனியாக உங்களோடு மட்டும் ஓடுகிறவரை அது இன்னொரு டியூஷன்தான் அவனுக்கு.

ஏப்ரல் 9

வெயில். மதுரையில் இப்போதே மத்தியானம் தார் உருகுகிறது. சம்மர் கேம்ப் என்று காலை பத்து மணிக்கு ஓடவைக்கிற ஓர் இடத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். பணம் கட்டியிருந்தாலும் அனுப்பாதீர்கள்.

ஏன் என்று என் பாடத்திலிருந்தே சொல்கிறேன். பக்கம் 1 உள்ள கனசதுரத்தின் பரப்பு 6, கன அளவு 1. பக்கம் 2 என்றால் பரப்பு 24, கன அளவு 8, அதாவது கன அளவுக்குப் பரப்பு 3 மடங்குதான். சின்ன உருவத்துக்கு அதன் அளவைப் பார்க்கும்போது தோல் அதிகம். காற்று உடம்பைவிடச் சூடாக இருக்கும் 38, 40 டிகிரியில் அந்தத் தோல் வழியாகச் சூடு உள்ளேதான் வரும். போதாததற்குப் பிள்ளைகளுக்கு நம் அளவு வியர்க்காது. விளையாட்டு மும்முரத்தில் தாகமும் தெரியாது.

நாங்கள் ஏப்ரல், மே-யில் காலை ஆறு முதல் ஆறே முக்கால். சாயங்காலம் என்றால் ஆறு மணிக்கு மேல், பொட்டல் கொஞ்சம் ஆறிய பிறகு. கால் மணிக்கு ஒருமுறை விசில், எல்லாரும் ரெண்டு வாய் தண்ணீர், தாகம் இருக்கிறதா என்று கேட்பது கிடையாது. வீட்டுக்குப் போய் உப்புப் போட்ட மோர் அல்லது எலுமிச்சை ஜூஸ். கலர் கலரான விளையாட்டு பானங்கள் ஒரு மணி நேர ஆட்டத்துக்குத் தேவையில்லை.

தலைவலி, குமட்டல், வெயிலிலும் புல்லரிப்பு என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது: நிழல், ஈரத்துணி, விசிறி, தண்ணீர். பேச்சு குழறினாலோ, ஆளைத் தெரியாத மாதிரி முழித்தாலோ தண்ணீரை உடம்பில் ஊற்றிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏப்ரல் 23

நாய்கள். இத்தனை நாள் யாருமே கேட்கவில்லை, ஆச்சரியம்தான். நம் ஊரில் ஓடுகிறவனுக்கு முதல் பயிற்சியாளரே நாய்தான்.

நாய் துரத்தினால் ஓடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் “அப்ப எதுக்கு ஆன்ட்டி ஓட்டம் கத்துக்கறோம்” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஓடுவதைப் பார்த்தால் துரத்துவது அதன் சுபாவம், அதை ஜெயிக்கவும் முடியாது. நிற்க வேண்டும். கையை உடம்போடு ஒட்டி, கண்ணை முறைக்காமல், கத்தாமல். அது மோந்துவிட்டுப் போகும். விழுந்துவிட்டால் உருண்டையாகச் சுருண்டு காதையும் கழுத்தையும் கையால் மூடிக்கொள்ள வேண்டும். இதையும் ஆட்டமாக்கிவிட்டேன்: நான் “நாய்!” என்று கத்தினால் எல்லாரும் சிலை. பொட்டலைத் தாண்டிப் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

கடித்தாலோ, பல் கீறினாலோகூட சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனை. ஊசியை முழுதாகப் போட்டு முடிக்க வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. திட்டுவார்கள் என்று பயந்து பிள்ளை மறைப்பதுதான் பெரிய ஆபத்து, அதனால் நாய் விஷயத்தில் திட்டே கிடையாது என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஜூன் 15

பள்ளி திறந்தாயிற்று. பி.டி. பீரியடைக் கடன் வாங்குகிற கணக்கு டீச்சர்களைப் பற்றி ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். எங்கள் இனத்தைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஸ்காட்லாந்தில் ஸ்டிர்லிங் என்ற ஊர். அங்கே ஓர் ஆரம்பப்பள்ளித் தலைமை ஆசிரியை, எலெய்ன் வைலி, 2012-இல் ஒரு வேலை செய்தார். தினமும் 15 நிமிடம் பிள்ளைகளை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பி ஓடவிட்டார். ஓடலாம், மூச்சு வாங்கினால் நடக்கலாம், பேசிக்கொண்டே போகலாம். போட்டி இல்லை, உடை மாற்ற வேண்டியதில்லை, சாமான் எதுவும் வாங்க வேண்டியதில்லை. இன்றைக்கு அது டெய்லி மைல் என்ற பெயரில் பல நாடுகளுக்குப் போய்விட்டது. அதைத் தலைமை ஆசிரியரிடம் கொண்டுபோனேன். “சிலபஸ் யார் முடிப்பா?” என்றார். என் பீரியடிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன் என்றதும் சிரித்துவிட்டு, ஆறாம் வகுப்புக்கு மட்டும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிடம் என்று ஒத்துக்கொண்டார். வெயில் கடுமையான நாட்களில் மரத்தடியைச் சுற்றி நடை மட்டும். திரும்பி வந்த வகுப்பு அடங்க ரெண்டு நிமிடம் ஆகிறது, அதற்கப்புறம் பின்னம் கொஞ்சம் சுலபமாக நடத்த முடிகிறது. இது என் ஒரு வகுப்பை வைத்துச் சொல்வது, அவ்வளவுதான். அடுத்த வகுப்பு ஆசிரியைக்குச் சத்தம் பிடிக்கவில்லை.

ஜூன் 21

திண்டுக்கல் சார், அந்தத் தெருவில் ஏழு பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள் என்பது நல்ல சேதி. மைத்துனர்தான் விசில் அடிக்கிறார் என்பதைப் படித்து ரொம்ப நேரம் சிரித்தேன். கோன் வாங்கலாமா என்கிறீர்கள், வேண்டாம். செங்கல் கூடாது, தடுக்கினால் நகம் போகும். தண்ணீர் நிரப்பிய பழைய பாட்டில் போதும். விசில் மட்டும் ரெண்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றை எவனாவது கட்டாயம் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான்.